கழிவுநீரில் ஹார்மோன்: திருப்பூருக்குப் பழக்கமான என்சைமை ஏன் முயன்று பார்க்கக் கூடாது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பேப்பரில் ஒரு படம் வந்திருந்தது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசித் தொட்டியில் மொண்ட தண்ணீரை ஒருவர் கண்ணாடி டம்ளரில் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார், கீழே தெளிந்த நீர் இனி குளத்துக்குப் போகும் என்று போட்டிருந்தீர்கள். நல்ல செய்திதான், சாக்கடையை அப்படியே வாய்க்காலில் திறந்துவிட்ட காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த டம்ளரின் அருமை தெரியும், அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் நான் 27 வருடம் திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்தவன். தண்ணீர் தெளிவாக இருப்பது வேறு, சுத்தமாக இருப்பது வேறு என்பது அந்த வேலையில் முதல் வருடமே புரிந்துவிடும். படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்த நீளமான கடிதம்.

சாய விஷயத்தில் கண்ணே காட்டிக்கொடுத்தது. நொய்யலில் ஒரு நாள் சிவப்பும் ஒரு நாள் நீலமுமாக ஓடியதை இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத் தண்ணீரால் கீழ்ப்பக்கத்து விவசாயிகள் பட்ட பாடு கோர்ட் வரை போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, அதற்கப்புறம்தான் ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறை, ஒரு ஒழுங்குக்கு வந்தது. கண்ணுக்குத் தெரிந்த அழுக்குக்கே அத்தனை வருடம் ஆனது. நான் சொல்ல வந்த அழுக்குக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, நுரையும் கிடையாது. அது ஹார்மோன்.

குறிப்பாக ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வகை. எஸ்ட்ரோன், எஸ்ட்ரடயால், எஸ்ட்ரியால் என்று மூன்று, இவை மனித உடம்பில் தானாக ஊறுபவை. எத்தினைல் எஸ்ட்ரடயால் என்று நாலாவது ஒன்று, இது 1938இல் பெர்லினில் ஷெரிங் கம்பெனியில் செயற்கையாக உருவாக்கியது, இன்றைக்கும் கருத்தடை மாத்திரைகளில் இருப்பது. ஆண், பெண், குழந்தை எல்லோர் சிறுநீரிலும் ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் போகிறது, கர்ப்பிணிகளிடம் பல மடங்கு அதிகமாகப் போகிறது. சினை மாடுகளின் மூத்திரத்திலும் சாணியிலும் உண்டு. ஆக இது யாரோ ஒரு ஃபேக்டரிக்காரர் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டது இல்லை. மனிதர்கள் வாழும் எந்த ஊரின் சாக்கடையிலும் இருக்கும்.

இதில் எனக்கு வியப்பான ஒன்று, நம் உடம்பே இதற்கு ஒரு பூட்டுப் போட்டுத்தான் வெளியே அனுப்புகிறது. கல்லீரல் அந்த ஹார்மோனோடு குளுக்குரோனைடு அல்லது சல்ஃபேட் என்று ஒரு துண்டை ஒட்டிவிடும். ஒட்டியபின் அது தண்ணீரில் நன்றாகக் கரையும், ஹார்மோனாக வேலை செய்யாது. ஆனால் சாக்கடைக் குழாயில் இருக்கும் ஈ.கோலி பாக்டீரியாவிடம் அந்தக் குளுக்குரோனைடு துண்டை வெட்டிவிடும் என்சைம், அதாவது ஒரு ரசாயன வேலையை வேகமாக முடித்துக்கொடுக்கும் புரதம், இருக்கிறது. வீட்டிலிருந்து கிளம்பும்போது பூட்டியிருந்தது, சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள் நிறையத் திறந்துகொள்கிறது. திறப்பது ஒரு என்சைம், அப்புறம் நான் சொல்லப்போகும் மருந்தும் ஒரு என்சைம்தான்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்துக் கதையைச் சொல்ல வேண்டும். 1970களின் கடைசியில் லண்டனுக்கு வடக்கே லீ ஆற்றங்கரையில், சுத்திகரித்த கழிவுநீர் விழும் குட்டைகளில் பிடித்த ரோச் மீன்களில் சில ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் இருந்தன. ரோச் என்பது நம் கெண்டை வகையறாவைச் சேர்ந்த மீன். அப்புறம் ஆராய்ச்சியாளர்கள் ஆண் டிரவுட் மீன்களைக் கூண்டில் போட்டு, சுத்திகரிப்பு நிலையத் தண்ணீர் வந்து விழும் இடத்தில் இறக்கிவைத்துப் பார்த்தார்கள். முட்டைக் கருவுக்காகப் பெண் மீன் மட்டுமே தயாரிக்க வேண்டிய வைட்டலோஜெனின் என்ற புரதம் அந்த ஆண் மீன்களின் ரத்தத்தில் ஏறியிருந்தது. 1994இல் அந்த முடிவு வெளியானது. 1998இல் ப்ரூனல் பல்கலைக்கழகத்து சூசன் ஜோப்ளிங், ஜான் சம்ப்டர் குழுவினர் பிரிட்டனின் பல ஆறுகளில் ரோச் மீன்களைப் பிடித்துப் பார்த்து, இது ஒரு குட்டையோடு நிற்கவில்லை, பரவலாகவே இருக்கிறது என்று காட்டினார்கள். அந்தத் தண்ணீரும் பார்வைக்குத் தெளிவான தண்ணீர்தான்.

இதே சமயத்தில் யார்க்‌ஷயரில் ஏர் ஆற்றில் நடந்தது துணித் தொழிலில் இருக்கும் நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே கம்பளி அலசும் மில்கள் அதிகம். அலசுவதற்கு அவர்கள் ஊற்றிய சோப்பு ரசாயனம் நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட், அது சிதைந்து நோனைல்ஃபீனால் ஆகும். அது ஹார்மோன் இல்லை, ஆனால் மீன் உடம்புக்குப் போனால் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடிக்கும். ஏர் ஆற்றில் கூண்டில் விட்ட ஆண் மீன்களின் விந்தகம் சரியாக வளரவில்லை. மில்கள் அந்த ரசாயனத்தைக் குறைத்த பிறகு பாதிப்பும் குறைந்தது.

இந்த ரசாயனத்தை நானும் கையால் ஊற்றியிருக்கிறேன். துணி நன்றாக நனைவதற்கு வெட்டிங் ஏஜென்ட் என்று கேன் கேனாக வரும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. பிறகு ஐரோப்பிய பையர்கள் ஏபிஇஓ ஃப்ரீ, அதாவது இந்த வகை ரசாயனம் இல்லை என்ற சர்ட்டிஃபிகேட் கேட்க ஆரம்பித்தார்கள். 2021 பிப்ரவரி 3 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டமே வந்துவிட்டது, துவைத்து உடுத்தும் துணியில் கிலோவுக்கு 100 மில்லிகிராமோ அதற்கு மேலோ இந்த ரசாயனம் இருந்தால் விற்க முடியாது. காரணம் என்ன தெரியுமா? உடுத்துகிறவர் தோலைப் பற்றிய கவலை இல்லை. அவர்கள் வீட்டு வாஷிங் மெஷினில் துவைக்கும்போது அது கழன்று அவர்கள் ஆற்றுக்குப் போய்விடும் என்பதுதான். அவர்கள் ஆற்று மீனுக்காக நாம் இங்கே கேனை மாற்றினோம், டெஸ்ட் ரிப்போர்ட்டுக்குப் பணம் கட்டினோம், ஒரு ஷிப்மென்ட் நின்றால் ராத்திரி தூங்கவில்லை. அது சரியான காரியம்தான். நம் நொய்யலுக்காக, நம் குளத்துக்காக அதே கேள்வியை யார் கேட்கிறார்கள்?

கொஞ்சூண்டு ஹார்மோன் என்ன செய்துவிடும் என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். அதற்குப் பதில் கனடாவில் இருக்கிறது. ஒன்டாரியோ மாநிலத்தின் வடமேற்கில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிவைத்த ஏரிகள் உண்டு. அதில் 260ஆம் எண் ஏரியில், 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில், கேரன் கிட் என்ற விஞ்ஞானியின் குழு எத்தினைல் எஸ்ட்ரடயாலைச் சிறுகச் சிறுகக் கலந்தது. அளவு லிட்டருக்கு 5, 6 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த ஏரியில் ஃபேட்ஹெட் மின்னோ என்று விரல் நீளத்துக்கு ஒரு மீன். முதலில் ஆண் மீன்களில் முட்டைப் புரதம் ஏறியது, அப்புறம் விந்து உருவாவது தடைப்பட்டது, சில ஆண் மீன்களின் விந்தகத்தில் முட்டையே தெரிந்தது. அது சில வருடமே உயிர்வாழும் மீன், ஒரு தலைமுறை குஞ்சு வராவிட்டால் போதும். ஏரியில் அந்த மீன் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. அதைத் தின்று வாழ்ந்த பெரிய டிரவுட் மீன்களும் பிறகு குறைந்தன. ஹார்மோன் கலப்பதை நிறுத்தி சில வருடம் கழித்து மின்னோ திரும்பப் பெருகியது. அளவைக் குறைத்தால் தண்ணீர் மன்னிக்கிறது என்பதற்கும் அதே ஏரிதான் சாட்சி.

கணக்குப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் மாத்திரை ஒன்றில் 0.03 மில்லிகிராம் எத்தினைல் எஸ்ட்ரடயால் இருக்கிறது. அதை முழுசாகத் தண்ணீரில் கரைத்தால் 6,000 லிட்டரை, அதாவது 12,000 லிட்டர் லாரியில் பாதியை, அந்த ஏரியின் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். சாப்பிட்ட மாத்திரை முழுசாக வெளியே வருவதில்லை, உடம்பு நிறைய உடைத்துவிடும், ஆனால் எவ்வளவு சிறிய அளவு போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உடனே கருத்தடை மாத்திரை மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் அப்படித்தான் சுற்றுகிறது. தமிழ்நாட்டில் குடும்பக்கட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் பெண்களுக்கு அறுவைசிகிச்சைதான், மாத்திரை போடுபவர்கள் ரொம்பக் குறைவு. லக்னோ ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்து இப்போது சாயா என்ற பெயரில் கொடுக்கும் வாரம் ஒரு மாத்திரையில் ஹார்மோனே கிடையாது. நம் சாக்கடையில் இருக்கப்போவது பெரும்பாலும் எல்லோர் உடம்பிலிருந்தும் இயற்கையாக வரும் எஸ்ட்ரோனும் எஸ்ட்ரடயாலும்தான். அதற்கு ஒரு பெண்ணையும் குற்றவாளி ஆக்க முடியாது. சுத்திகரிப்பு நிலையம் செய்ய வேண்டிய வேலை அது.

அங்கே அந்த வேலை எவ்வளவு நடக்கிறது? காற்று ஊதி பாக்டீரியாவை வளர்க்கும் ஏரேஷன் டேங்க் இயற்கை ஹார்மோனில் நல்ல பங்கைத் தின்றுவிடும், அதை மறுக்கவில்லை. செயற்கையான எத்தினைல் எஸ்ட்ரடயாலிடம் அது திணறும். எவ்வளவு மிஞ்சுகிறது என்பது தொட்டிக்குத் தொட்டி மாறும், சேறு எத்தனை நாள் உள்ளே தங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் நம் நிலையங்களின் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், பி.எச். (புளிப்பு அளவு), பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்), டி.எஸ்.எஸ். (மிதக்கும் தூசு), கோலிபார்ம் (மலக் கிருமி) என்று வரிசையாக இருக்கும், ஹார்மோனுக்கு ஒரு வரி கிடையாது, ஏனென்றால் விதியில் அப்படி ஒரு வரம்பே இல்லை. அளக்காத ஒன்றை யாரும் குறைக்கப்போவதில்லை.

சரி, என்சைமுக்கு வருகிறேன். பாடப் புத்தகத்தில் நொதி என்று படித்திருப்போம். வீட்டில் வாழைப்பூ ஆயும்போது பார்த்திருப்பீர்கள், நறுக்கி வைத்த கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும், அதனால்தான் என் அம்மா மோர் கலந்த தண்ணீரில் நறுக்கிப் போடுவார். வாழைப்பூவில் ஃபீனால் வகைப் பொருள்கள், அதாவது கார்பன் வளையத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒட்டியவை, இருக்கின்றன, கூடவே தாமிரம் உள்ள ஒரு என்சைமும் இருக்கிறது. நறுக்கியதும் காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்து அந்த என்சைம் ஃபீனாலை மாற்ற, அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிக் கறுக்கின்றன. மோரின் புளிப்பு அந்த என்சைமை முடக்கிவிடும்.

கழிவுநீருக்குப் பேசப்படும் லாக்கேஸ் என்சைம் இதற்கு உறவுதான். 1883இல் ஜப்பானில் யோஷிடா என்பவர் அரக்கு மரப்பால் காற்றுப் பட்டதும் ஏன் இறுகுகிறது என்று ஆராயும்போது கண்டுபிடித்தது. ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு தாமிர அணு. பட்டுப்போன மரத்தில் விசிறி விசிறியாக ஒட்டி வளரும் காளான்கள் மரத்தின் கடினமான லிக்னினைக் கரைத்துத் தின்பதற்கு இதைத்தான் சுரக்கின்றன. நான் சொன்ன நாலு ஹார்மோனிலும் ஒரு ஓரத்தில் ஃபீனால் வளையம் இருக்கிறது, நோனைல்ஃபீனாலிலும் இருக்கிறது. லாக்கேஸ் அந்த வளையத்திலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கும், பிடுங்கியதும் ஹார்மோன் மூலக்கூறுகள் நிலைகொள்ளாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பெரிய கட்டியாகும். மீன் உடம்பில் ஹார்மோன் போய் உட்காரும் இடத்துக்கு அந்தக் கட்டி பொருந்தாது. பிடுங்கிய எலக்ட்ரான் கடைசியில் ஆக்சிஜனுக்குப் போய் வெறும் தண்ணீராகிறது, வேறு ரசாயனம் எதுவும் ஊற்ற வேண்டாம். ஆய்வகங்களில் சில மணி நேரத்திலேயே ஹார்மோனில் பெரும்பகுதி காணாமல் போவதைப் பலர் காட்டியிருக்கிறார்கள்.

குதிரைமுள்ளங்கி பெராக்ஸிடேஸ் என்று இன்னொன்றும் உண்டு, அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு கூடவே சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் அதிகமானால் அந்தப் பெராக்சைடே என்சைமைக் கொன்றுவிடும். அதனால் என் கட்சி லாக்கேஸ்தான்.

இது எங்கள் ஊருக்குப் புதிது இல்லை. பயோ வாஷ் என்று டி-ஷர்ட்டில் எழுதி விற்கிறார்களே, அது செல்லுலேஸ் என்சைம் போட்டுப் பஞ்சு முடியைத் தின்னவைப்பதுதான். துணியை ஓட்டும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் அசிட்டிக் ஆசிட் விட்டு பி.எச். பேப்பரை நனைத்து 5 பக்கம் வந்ததா என்று பார்த்து, 55 டிகிரியில் என்சைமை விட்டு, முக்கால் மணி நேரம் ஓட்டி, அப்புறம் 80 டிகிரிக்கு ஏற்றி அதைக் கொல்ல வேண்டும், கொல்லாமல் விட்டால் துணியையே தின்று நைந்துபோக வைத்துவிடும். ப்ளீச்சிங்கில் மிஞ்சிய பெராக்சைடைத் தீர்க்க நாங்கள் போடும் பெராக்சைடு கில்லரும் கேட்டலேஸ் என்ற என்சைம். ஜீன்ஸ் வாஷிங் செய்கிறவர்கள் இண்டிகோவை வெளுக்க இதே லாக்கேஸைத்தான் போடுகிறார்கள். என்சைமை எங்கே வைத்தால் கெடும், எந்தச் சூட்டில் தூங்கும், எந்தப் புளிப்பில் ஓடும் என்று விரல் நுனியில் வைத்திருக்கும் ஆட்கள் இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

தொழில் தெரிந்தவன் என்பதால் இதன் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். காளான் லாக்கேஸுக்குப் புளிப்பான தண்ணீர்தான் பிடிக்கும், சாக்கடைத் தண்ணீரோ 7, 8 பி.எச்.சில் நிற்கும். உப்பில் உள்ள குளோரைடு அதை மந்தமாக்கும், நம் போர்வெல் தண்ணீரின் லட்சணம் தெரிந்ததே. அழுக்கு அதிகமுள்ள தண்ணீரில் போட்டால் ஹார்மோனைத் தேடிப் போவதற்குள் மற்ற ஃபீனால்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். சும்மா ஊற்றினால் தண்ணீரோடு சேர்ந்து குளத்துக்குப் போய்விடும், அவ்வளவும் காசு. அதனால்தான் சிறு மணிகளிலோ மெல்லிய சவ்விலோ என்சைமை ஒட்டிவைத்துத் தண்ணீரை அதன் வழியாக விடும் முறையை ஆராய்கிறார்கள். இன்னொன்று, ஃபீனால் வளையம் இல்லாத ஹார்மோன்களை லாக்கேஸ் நேரடியாகத் தொடாது. டெஸ்டோஸ்டிரோன் அப்படி, மாலா-என் மாத்திரையிலேயே இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரலும் அப்படி. உடம்பு போட்ட பூட்டு ஃபீனால் மேலேயே இருந்தாலும் தொடாது. ஆகவே இது முதல் தொட்டியில் போடும் சமாச்சாரமே இல்லை. பாக்டீரியா தன் வேலையை முடித்து, பூட்டெல்லாம் திறந்து, சேறு படிந்த பிறகு கடைசியாக வர வேண்டிய கட்டம். நமக்குச் சாதகம் ஒன்று உண்டு, ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கழிவுநீர் சில்லிட்டுப் போகும், இங்கே வருடம் முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கிறது.

என்சைம் என்றதும் டப்பாவில் விற்கும் பவுடரை நினைத்துக்கொள்ளக் கூடாது, இதை அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் அப்பார்ட்மென்ட்டின் எஸ்.டி.பி.க்கு, அதாவது சாக்கடை சுத்திகரிப்புத் தொட்டிக்கு, ஒரு கம்பெனிக்காரர் பயோ என்சைம் என்று பத்துக் கிலோ பக்கெட் கொண்டுவந்தார், மருந்து, ஹார்மோன், சோப்பு எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று அசோசியேஷன் மீட்டிங்கில் பேசினார், வருடத்துக்குக் காண்ட்ராக்ட்டும் வாங்கிக்கொண்டு போனார். என்ன என்சைம், எத்தனை யூனிட் ஆக்டிவிட்டி, எந்த பி.எச். என்று கேட்டேன். மூன்று மாதம் கழித்தும் பதில் இல்லை. பக்கெட் லேபிளில் இருந்ததெல்லாம் ஒரு பச்சை இலைப் படம்தான். திங்கள்கிழமைதோறும் ஆபரேட்டர் தம்பி ஒரு மக் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார். கேட்டால், "நாத்தம் கொஞ்சம் குறையுதுங்ணா, மத்ததெல்லாம் எனக்குத் தெரியாதுங்ணா" என்றார். அவர் சொன்னதுதான் நேர்மை. எலுமிச்சைத் தோலையும் வெல்லத்தையும் மூன்று மாதம் ஊறவைத்து வீட்டில் செய்கிறார்களே, தரை துடைக்க நன்றாக இருக்கும், அதுவும் இந்த வேலைக்கு ஆகாது.

வேலை நடந்ததா என்று தெரிந்துகொள்ளும் வழியும் இருக்கிறது. பழைய ஹார்மோன் மூலக்கூறு காணோம் என்று மட்டும் பார்த்தால் போதாது, அது வேறு எதுவாக மாறியது, மாறியதும் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். சம்ப்டரும் அவர் சகாவும் 1996இல் இதற்கு ஒரு ஈஸ்ட் சோதனையை வெளியிட்டார்கள். ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரில், ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் மனித ஏற்பியைப் பொருத்தியிருப்பார்கள், தண்ணீரில் ஈஸ்ட்ரோஜன் குணம் இருந்தால் மஞ்சள் திரவம் சிவப்பாகும். நிறம் பார்த்துப் பழகிய எங்களுக்கு இதைவிட எளிமையான சோதனை வேண்டுமா?

தண்ணீரில் ஓசோன் வாயுவை விட்டு ஹார்மோனைச் சிதைக்கவும், கார்பனில் ஒட்டவைத்துப் பிடிக்கவும் வழி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். ஸ்விட்சர்லாந்து 2016 முதல் சட்டம் போட்டு, சுமார் 100 நிலையங்களில் 2040க்குள் ஓசோன் அல்லது ஆக்டிவேட்டட் கார்பன் கட்டத்தைச் சேர்த்துவருகிறது, அதற்காகத் தலைக்கு வருடம் 9 ஃபிராங்க் வரை வசூலிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பெரிய நிலையங்கள் எல்லாவற்றுக்கும் 2045க்குள் இப்படி ஒரு கூடுதல் கட்டம் வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்து, செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதனக் கம்பெனிகள் தலையில் வைத்திருக்கிறது. அந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது. நம்மால் முடிந்தால் ஓசோனே போடலாம், ஆட்சேபணை இல்லை, ஆனால் கரண்ட் பில்லை யார் கட்டுவது? சென்னை கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தினம் தலா 4.5 கோடி லிட்டர் ஆர்.ஓ. செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள், நல்ல திட்டம். ஆர்.ஓ. ஹார்மோனையும் பிடிக்கும். ஆனால் ஆர்.ஓ. எதையும் அழிப்பதில்லை, வடிகட்டியபின் மிஞ்சும் ரிஜெக்ட் தண்ணீருக்குத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். ரிஜெக்ட்டை வைத்துக்கொண்டு என்ன பாடுபட வேண்டும் என்று, அதைக் காய்ச்சி வற்றவைக்கும் எவாப்பரேட்டர் ஓட்டிய திருப்பூர்க்காரனைக் கேளுங்கள், கலவை உப்பு மூட்டையைக் கொட்ட இடமில்லாமல் ஷெட் போட்டு அடுக்கிவைத்த ஊர் இது.

அதனால் ஊர்ச் சாக்கடை மொத்தத்துக்கும் நாளைக்கே என்சைம் ஊற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஹார்மோன் கெட்டியாக வரும் இடத்தில் ஆரம்பிக்கலாம். ஹார்மோன் மாத்திரை தயாரிக்கும் கம்பெனிகளின் இ.டி.பி. (ஆலைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்), பெரிய பிரசவ ஆஸ்பத்திரிகளின் எஸ்.டி.பி., இங்கெல்லாம் தண்ணீர் குறைவு, சரக்கு அதிகம், என்சைமுக்கு ஏற்ற இடம். நிமிர்த்திவைத்த ஒரு சின்னக் குழாய், அதற்குள் ஒட்டிவைத்த லாக்கேஸ், உள்ளே போகும் தண்ணீருக்கு ஒரு ஈஸ்ட் சோதனை, வெளியே வரும் தண்ணீருக்கு ஒன்று. ஆறு மாதம் ஓட்டினால் விஷயம் தெரிந்துவிடும். சரிப்பட்டு வராவிட்டால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

என்சைம் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமா என்றால், அதற்கும் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள். நாம் குழம்பு வைத்துச் சாப்பிடும் சிப்பிக் காளான் லாக்கேஸ் சுரக்கும் காளான்தான். அறுவடை முடிந்து பண்ணைக்காரர்கள் தூக்கிப் போடும் வைக்கோல் உருளைகளில் அந்த என்சைம் இன்னும் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் எத்தனையோ வருடமாகக் காளான் வளர்ப்புப் பயிற்சி கொடுத்துவருகிறது. அந்த உருளையைப் பிழிந்து அப்படியே ஊற்ற முடியாது, வைக்கோல் சாறே பி.ஓ.டி.யை ஏற்றிவிடும், சுத்தம் செய்துதான் ஒட்டவைக்க வேண்டும். அந்தச் சுத்தம் செய்யும் வித்தை ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு நல்ல வேலை. பல்கலைக்கழகம் பக்கத்தில், என்சைம் தெரிந்த டையிங் மாஸ்டர்கள் பக்கத்தில், சாக்கடை பக்கத்தில்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த முறை உங்கள் நிருபர் அந்த நிலையத்துக்குப் போகும்போது பி.ஓ.டி. எவ்வளவு என்று கேட்டதோடு வந்துவிடாமல், ஈஸ்ட்ரோஜன் அளந்தீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். அளக்கவில்லை என்றால் அதையே செய்தியாகப் போடுங்கள். அந்தத் தண்ணீர் போகும் குளத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு வரும் ஜிலேபி மீனையும் பிடிக்கிறார்கள், என் பேத்தி முள் எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவாள். மீனில் ஏதோ இருக்கிறது என்று நான் பயமுறுத்தவில்லை. யாராவது பார்த்தார்களா என்றுதான் கேட்கிறேன்.

சாம்பிள் எடுக்க நிலையம் அனுமதித்தால் நானே வருகிறேன். பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்கக் கூடாது, ஹார்மோன் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், பிரவுன் கண்ணாடி பாட்டிலும் ஐஸ் பெட்டியும் வேண்டும். ஒரு தடவை மொண்டது போதாது, 24 மணி நேரமும் மணிக்கொரு தடவை எடுத்துக் கலக்க வேண்டும். என் பழைய லேபிலிருந்து கொண்டுவந்த ஒரு லிட்டர் பிரவுன் பாட்டில்கள் ஒரு டஜன் பரணில் கிடக்கின்றன, கழுவி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ப.ச., ஓய்வுபெற்ற டையிங் லேப் பொறுப்பாளர்,
திருப்பூர்